ஒல்லாந்துப் படத்துக்கு நான் விட்ட இடைவேளை

ரொறன்ரோ நகரின் மேற்குப் பகுதியில், ஒரே திரையும் பழைய நாற்காலிகளும் கொண்ட சிறிய திரையரங்கொன்றில் நெடுங்காலம் படம் ஓட்டிவிட்டுச் சென்ற ஆண்டு ஓய்வுபெற்றவன் நான். ஓய்வு எனக்குத்தான் கிடைத்ததேயன்றி, என்னைப் பற்றி அங்கே உலவும் கதைகளுக்குக் கிடைக்கவில்லை என்பதை அண்மையில் அறிந்துகொண்டேன். இப்போது அந்த இயந்திர அறையின் பொறுப்பில் இருக்கும் மேகலா என்னும் இளம்பெண், சென்ற மாதம் ஸ்ரௌவ்வில்லிலுள்ள எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அங்கிள், சீரியஸா ஒண்டு கேக்கவேணும். நீங்கள் ஒரு டச்சுப் படத்தை நடுவில நிப்பாட்டினீங்களாம். பிறகு ஒரு தமிழ் அன்ரி ஸ்ரேஜில ஏறிச் சமைச்சவவாம். இஸ் இற் ட்ரூ?"

"சமைக்கேல்லை, பிள்ளை. பரிமாறினவ."

"ஓ மை கோட். அப்ப மிச்சம் எல்லாம் உண்மையோ?"

"மிச்சம் என்னெண்டு சொல்லு, பாப்பம்."

அவள் சொன்ன மிச்சத்தில் ஒரு கோழி உயிரோடு அரங்கத்துக்குள் வந்தது, காவற்றுறையும் வந்தது. உண்மையில் இரண்டும் வரவில்லை. ஆகையால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தவற்றை நடந்தவாறே எழுத்தில் வைப்பது என் கடமையாயிற்று. நான் கல்லூரியில் கற்றவன் அல்லேன்; பத்திரிகைகளையும் நூலகப் புத்தகங்களையும் வாசித்து உரைநடை பழகியவன். ஆயினும், கோழி விடயத்தில் என்னைவிடத் துல்லியமாக எழுதக்கூடியவர் எவரும் இலர்.

என் தொழிற்கல்வி சுருக்கமானது. திருகோணமலையில் ஒரு திரையரங்கின் இயந்திர அறையில் எடுபிடியாகச் சேர்ந்து, சுருளை மாட்டவும் அறுந்தால் ஒட்டவும் பழகினேன். அங்கே நான் ஐயமறக் கற்றுக்கொண்ட தத்துவம் ஒன்றே: எந்தப் படத்துக்கும் ஒரு நடு உண்டு, அந்த நடுவில் விளக்கு எரிய வேண்டும். கதாநாயகி மயங்கி விழுவாள், உடனே நிறுத்திவிடுவோம். சனம் வெளியே ஓடும், தேநீர் குடிக்கும், இனி என்ன நடக்கும் என்று ஒன்றோடொன்று சண்டை பிடிக்கும். ஒரு படத்தின் பாதி திரையிலும் மறுபாதி தேநீர்க் கடையிலும் நடைபெறுவதே இயல்பென்று நான் கருதியிருந்தேன்.

கனடாவுக்கு வந்தபின் உணவகத்தில் கோப்பை கழுவி, தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி, இறுதியில் இந்த அரங்கில் வேலைக்கு அமர்ந்தேன். என்னை அமர்த்தியவர் அதன் முகாமையாளர் ஹன்னா அம்மையார். ஒல்லாந்து நாட்டில் பிறந்து, பத்தொன்பது வயதில் தனியாகக் கனடாவுக்கு வந்தவர். டச்சுக்காரர் என்று பிள்ளைகள் சொல்வது இவர்களைத்தான். திருகோணமலைக்காரனாகிய எனக்கு ஒல்லாந்தர் என்றால் கோட்டை கட்டுபவர்கள். இவரும் ஒரு கோட்டையைப் போலவே நின்றார்.

அவர் பேசியது ஆங்கிலம். ஆனால் அவர் சொன்னவை யாவும் என் நினைவில் எங்கள் பேச்சாகவே பதிந்துவிட்டன. ஆதலால் இங்கே அவரை அவ்வாறே பேசவிடுகிறேன்.

அம்மையார் ஒருநாளும் ஓடியதில்லை. கடினமான குதி வைத்த கறுப்புச் சப்பாத்து அணிந்து, டக் டக் என்று ஒரே சீராக நடப்பார். அந்த ஓசை படிக்கட்டில் கேட்டவுடன் சீட்டுக் கொடுப்பவர் கைத்தொலைபேசியை ஒளிப்பார். நான் கால்களை ஒளிப்பேன். இயந்திர அறை வெக்கையானது. அங்கே நான் இறப்பர்ச் செருப்போடு வேலை செய்வது வழக்கம். அது அவருக்குப் பிடிக்காது.

"சிவா, உம்மட காலில கிடக்கிறது என்ன?"

"செருப்பு, மேடம்."

"இது தியேட்டர். கடற்கரை இல்லை."

அவருடைய நுணுக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். காட்சி தொடங்குமுன் கடைசி வரிசையின் மூலை ஆசனத்தில் அமர்ந்து, அங்கிருந்து திரையின் நான்கு மூலைகளையும் பார்ப்பார். அதன்பின் கையை மெல்ல இறக்குவார். அந்தக் கை இறங்கும் வேகத்தில் நான் விளக்குகளை மங்கச்செய்ய வேண்டும். கை நிற்குமுன் இருட்டு வந்தாலும் பிழை, கை நின்றபின் வந்தாலும் பிழை. பார்வையாளர்கள் தாம் இருட்டுக்குள் போனதை உணரக்கூடாதாம். இருட்டு அவர்களிடம் வர வேண்டுமாம்.

இத்தகையவரிடம் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இடைவேளை விட்டேன். துறவிகளைப் பற்றிய மிக நீண்ட, மிக அமைதியான படம் அது. நடு வந்தது. கை தானாக நீண்டது. விளக்குகளை ஏற்றிவிட்டேன். டக் டக் என்று ஓசை படியேறி வந்தது.

"மெசின் பழுதோ?"

"இல்லை, மேடம். இடைவேளை."

"ஆர் விடச்சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நடு வந்திட்டுது."

"நடு வந்தால் என்ன?"

"சனம் தேத்தண்ணி குடிக்கும், மேடம். வில்லன் ஆர் எண்டு சண்டை பிடிக்கும்."

"இந்தப் படத்தில வில்லன் இல்லை."

"அதைச் சனம் கதைச்சுத்தானே அறியவேணும்."

அவர் சிரிக்கவில்லை. "என்ர தியேட்டரில, நெருப்புப் பிடிச்சாலொழியப் படம் நிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்தக் கட்டளையை நான் மீறியது ஒரேயொரு தடவைதான்.

அதற்குமுன் தொழிலில் நேர்ந்த ஒரு மாற்றத்தைக் கூறியாக வேண்டும். சுருள்கள் போய்க் கணினி வந்தது. சுருள் போய்விட்டதே என்று வருந்துவோர் பலரைக் கண்டிருக்கிறேன். அவர்களில் ஒருவரேனும் அதைப் படிக்கட்டில் தூக்கி ஏறியவர் அல்லர். எனக்கோ முதுகுவலி போன மகிழ்ச்சி. இப்போது படம் புத்தகம் அளவிலான ஒரு பெட்டிக்குள் வரும். பெட்டி பூட்டப்பட்டிருக்கும். அதைத் திறக்கும் சாவி மின்னஞ்சலில் வரும். அந்தச் சாவி எங்கள் இயந்திரத்துக்கு மட்டுமே பொருந்தும். குறித்த நேரத்தில் திறக்கும், குறித்த நேரத்தில் காலாவதியாகும். ஒரே பெட்டிக்குள் ஒரு படம் பல பதிப்புகளாகவும் இருக்கும்: திரையின் அடியில் ஆங்கில வரிகள் ஓடும் பதிப்பு ஒன்று, வெறும் பதிப்பு ஒன்று. சாவி எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டதோ அதை மட்டுமே திறக்கும்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். ஒல்லாந்திலிருந்து ஒரு புதிய படம் வந்தது. இரு சகோதரிகள் சிறுமியராயிருந்து வளர்ந்து பெரியவர்களாகும் கதை. அந்நாட்டில் பலரும் வாசித்த ஒரு நாவலைத் தழுவியது. ஞாயிறு பிற்பகல் ஒரேயொரு காட்சி. நகரில் வாழும் ஒல்லாந்தர் பலர் சீட்டு எடுத்திருந்தனர். எங்கள் வாடிக்கையாளர்களும் அதேயளவு எடுத்திருந்தனர். சனிக்கிழமை அம்மையார் இயந்திர அறைக்கு வந்து, வழக்கத்துக்கு மாறாக, கதிரையில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு என்ர அக்கா வாறா, சிவா."

"நல்லது, மேடம். உங்கட வீட்டிலயோ நிக்கிறா?"

"இல்லை. மார்க்கம் நகரில மகன்ர வீட்டில. வந்து மூண்டு கிழமை. என்ர வீட்டுப் படி மிதிக்கமாட்டாவாம். நாங்கள் கதைச்சு வருசக்கணக்காச்சுது."

"பிறகேன் படத்துக்கு வாறா?"

"சின்னனில எனக்கு இந்தப் புத்தகத்தைப் படுக்கையில வாசிச்சுக் காட்டினது அவதான். அதோட, இருட்டுக்குள்ள பக்கத்தில இருந்தால் கதைக்கத் தேவையில்லை எண்டு மகனிட்டைச் சொன்னவவாம்." அவர் தம் சப்பாத்து நுனியைப் பார்த்தார். "திங்கட்கிழமை பிளேன். எழுபத்தெட்டு வயசு. இனி வரமாட்டா. படம் எங்கயாவது நிண்டால் அவ எழும்பிப் போயிடுவா, சிவா. எனக்கு அவவைத் தெரியும்."

"நிக்காது, மேடம்" என்று உறுதி கூறினேன். கூறியவன் நான் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்துவார்களாக.

ஞாயிறு மதியம் சாவி திறந்தது. என் முறைமைப்படி படத்தின் தொடக்கத்தில் கொஞ்சம், நடுவில் கொஞ்சம், முடிவில் கொஞ்சம் ஓட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் இரு சிறுமியர் ஓர் ஆட்டைக் குளிப்பாட்டினர். நடுவில், வளர்ந்துவிட்ட மூத்தவள் இளையவளின் சப்பாத்துகளை ஆற்றில் எறிந்தாள். முடிவில் ஒரு படகும், புது உடுப்பு அணிந்த இளையவளும், அழுகிற தகப்பனும் இருந்தனர். அச்சமயம் என் மனைவி பரமேஸ்வரி காரிலிருந்து தொலைபேசி எடுத்தாள். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போய்விட்டு, மாலையில் நடக்கவிருந்த பேரனின் பிறந்தநாளுக்காகச் சொல்லிவைத்த, பொரித்த மரக்கறி ரோல்ஸையும் எடுத்துக்கொண்டு அரங்கத்துக்கு வந்துகொண்டிருந்தாள்.

"என்னப்பா, படம் எப்பிடி? இருந்து பாக்கலாமோ?"

"நல்ல குடும்பப் படம். அக்காவும் தங்கச்சியும் ஒரே பெடியனை விரும்புகினம். அக்காக்காரி பொறாமையில சப்பாத்தைத் தூக்கி ஆத்துக்குள்ள எறியிறாள். கடைசியில தங்கச்சிக்குக் கலியாணம். தகப்பன் அழுது அனுப்புறார்."

"அப்ப வாறன்" என்றாள்.

தொலைபேசியை வைத்த பின்னர்தான், மூன்று இடங்களிலும் ஆங்கில வரி ஒன்றேனும் ஓடவில்லை என்பது எனக்கு உறைத்தது. பட்டியலைத் திறந்து பார்த்தேன். வரிகள் உள்ள பதிப்பு பெட்டிக்குள் இருந்தது. ஆனால் வந்திருந்த சாவி வெறும் பதிப்புக்குரியது.

அம்மையாரிடம் சொன்னேன். அவர் வெளிறினாரே தவிர ஓடவில்லை. படம் அனுப்பியவர்களின் அலுவலகத்துக்கு அழைத்தார். ஞாயிற்றுக்கிழமையாதலால் ஓர் இயந்திரம் இனிய குரலில் திங்கட்கிழமை வரச்சொன்னது. வாசலில் ஏற்கெனவே வரிசை நின்றது. வரிசையில், நரைத்த தலையும் பெரிய தோற்பையுமாக, அம்மையாரை அப்படியே ஓர் அடி உயர்த்தியதுபோல் ஒரு மூதாட்டி நின்றார். அவர்தான் தமக்கையார் கிரேத்தா.

"காட்சியை நிப்பாட்டுவமோ?" என்றேன்.

"இல்லை. மைக் எடுத்து வாரும். நான் பக்கத்தில இருந்து மொழிபெயர்க்கிறன்."

இயக்குநர்கள் வந்து கலந்துரையாடும் நாள்களுக்கென எங்களிடம் மூன்று மைக்குகள் இருந்தன. திரைக்கு அருகே ஒரு முக்காலியை வைத்தேன். மேடைப் பலகையில் குதியோசை மைக்கில் கேட்குமென்று, அம்மையார் தம் சப்பாத்துகளைக் கழற்றி முன்வரிசை ஆசனமொன்றின்கீழ் ஒழுங்காக வைத்தார். பக்கத்து ஆசனத்தில் கிரேத்தா அம்மையார் வந்து அமர்ந்தார். ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தனர். அவ்வளவுதான். அன்று கையை இறக்க எவரும் இல்லாமையால் விளக்குகளை என் மனம்போல் மங்கச்செய்தேன்.

தொடக்கம் தடுமாற்றமாக இருந்தது. ஒருவரே மூத்தவளுக்கும் இளையவளுக்கும் தகப்பனுக்கும் ஆட்டுக்கும் ஒரே குரலில் பேசியதால், யார் பேசுகிறார் என்று தெரியவில்லை. நகைச்சுவை வந்தால் ஒல்லாந்தர் பாதி முதலில் சிரித்தது. ஹன்னா அம்மையார் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தபின் மறுபாதி சிரித்தது. அதைக் கேட்டு முதற்பாதி மீண்டும் சிரித்தது. நானோ மேலேயிருந்து, எதற்கென்று அறியாமல் மூன்று தடவையும் சிரித்தேன்.

பின்னர் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "அவள் அப்பிடிச் சொல்லேல்லை."

ஹன்னா அம்மையார் தொடர்ந்தார்.

"புத்தகத்திலயும் அப்பிடி இல்லை" என்றது அதே குரல், இன்னும் உரக்க.

"அப்ப நீயே வந்து சொல்லு" என்றார் ஹன்னா அம்மையார், மைக்கிலேயே. இருட்டில் கதைக்கத் தேவையில்லை என்று வந்தவர் எழுந்து, பையையும் தூக்கிக்கொண்டு, இரண்டாம் மைக்கை வாங்கினார். மூத்தவளுக்கு அவர், இளையவளுக்கு ஹன்னா அம்மையார். தகப்பனுக்கு ஆண்குரல் வேண்டுமென்று சனம் கேட்கவே, ஸ்ரீற்கார் என்னும் தெருத் தண்டவாள வண்டியை ஓட்டி ஓய்வுபெற்ற பீற்றர் என்னும் பருத்த ஒல்லாந்தர் மூன்றாம் மைக்குக்கு வந்தார். தகப்பன் எதைச் சொன்னாலும் அடுத்த தரிப்பிடத்தை அறிவிப்பதுபோலவே ஒலித்தது. அரங்கம் குலுங்கியது. இத்தனை ஆண்டுகளில் இப்படியொரு காட்சியை நான் ஓட்டியதில்லை.

கதையும் மெல்ல விளங்கியது. என் கதை பிழையென்பதும் விளங்கியது. ஆற்றைக் கடக்கும் சிறு படகொன்றைத் தகப்பன் ஓட்டுகிறார். தாய் நோயாளி. மறுகரையில் நகரத்துக்குப் பேருந்து வரும். இளையவள் அதில் ஏறிப் போய்விட விரும்புகிறாள். பெடியன் எவனும் இல்லை.

சப்பாத்துக் காட்சி வந்தது. இளையவள் பையோடு நிற்கிறாள். மூத்தவள் அவளுடைய சப்பாத்துகளைத் தூக்கி ஆற்றில் எறிகிறாள்.

"என்ர சப்பாத்து" என்றார் ஹன்னா அம்மையார் மைக்கில். "ஏன் எறிஞ்சனி?"

"இப்ப போ, பாப்பம்" என்றார் கிரேத்தா அம்மையார்.

திரையில் இருவரும் வாயை மூடிக்கொண்டு, மிதந்து போகும் சப்பாத்துகளைப் பார்த்தனர். மைக்கில் ஒருவர் மூடவில்லை.

"இவளெண்டாலும் வெறுங்காலோட நிண்டாள்" என்றது கிரேத்தா அம்மையாரின் குரல். "நீ நிக்கேல்லை. அம்மாவின்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போனனி."

சனம் திரையில் தாயைத் தேடியது. அங்கே ஆறு மட்டுமே இருந்தது.

"என்ரயைக் காணேல்லை. பிளேனுக்கு நேரமாச்சுது. நான் என்ன செய்ய?" என்றார் ஹன்னா அம்மையார். அதன்பின் இருவரும் ஒல்லாந்து மொழிக்குத் தாவிவிட்டனர். படம் தன்பாட்டில் ஓடியது. யாரோ அயல்வீட்டுக்காரி ஒருத்தி ஆடொன்றைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசினாள். மொழிபெயர்க்க எவரும் இல்லை. ஒரு பாதி மூச்சடக்கிக் கேட்டிருந்தது. மறுபாதி திரும்பி என் சன்னலைப் பார்த்தது. அப்போது கிரேத்தா அம்மையார் மைக்கை முக்காலியில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டி, பக்கவாட்டுக் கதவை நோக்கித் திரும்பினார்.

படம் நின்றால் அவர் போய்விடுவார் என்று எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கவே போய்க்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் திருகோணமலைக் கல்விதான் எனக்கு உதவியது. இருட்டில் எழுந்து போவது எவருக்கும் எளிது. வெளிச்சத்தில், ஓர் அரங்கம் நிறைந்த சனம் பார்த்திருக்க, அரைகுறையில் விட்ட சண்டையோடு போவது கடினம். சண்டைக்கென்றே ஏற்பட்டதன்றோ இடைவேளை. நான் படத்தை நிறுத்தினேன். விளக்குகள் அனைத்தையும் ஏற்றினேன். தீ விபத்து அறிவிப்புக்கென இயந்திர அறையிலிருந்த மைக்கை எடுத்து, பதற்றத்தில் வாயில் வந்ததைச் சொன்னேன்:

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, இடைவேளை."

தமிழில் சொல்லிவிட்டேன் என்பது பின்னர்தான் தெரிந்தது. அங்கே அதை விளங்கிக்கொண்டவள் பரமேஸ்வரி ஒருத்தியே. அவள் உடனே எழுந்து காருக்குப் போனாள்.

கிரேத்தா அம்மையார் கதவருகே கண் கூசி நின்றார். ஹன்னா அம்மையார் மேடையில் வெறுங்காலுறையோடு நின்றார். எங்கள் வாடிக்கையாளரான ஒரு முதியவள் நடுவரிசையிலிருந்து எழுந்தாள்.

"இவை என்ன கதைக்கினம்? நாங்களும் ரிக்கற் எடுத்துத்தான் வந்தனாங்கள்."

பீற்றர் மூன்றாம் மைக்கை வாய்க்குக் கொண்டுபோய், மொழிபெயர்ப்பாளர்களையே மொழிபெயர்க்கத் தொடங்கினார்.

"தங்கச்சி கேக்கிறா: அம்மாவின்ர சப்பாத்துக்காகவோ இவ்வளவு காலமும் கதைக்காமல் இருந்தனி? அக்கா சொல்லுறா: அந்த மனுசிக்கு வேற சப்பாத்து இருக்கேல்லை. குளிர் முடியுமட்டும் மனுசி சேர்ச்சுக்குப் போகேல்லை. மழையிலயும் பனியிலயும் நான்தான் எல்லாத்துக்கும் ஓடினனான். கடைசிமட்டும் நான்தான் ஓடினனான்."

ஹன்னா அம்மையார் ஏதோ கேட்டார், மிகத் தாழ்ந்த குரலில்.

"தங்கச்சி கேக்கிறா: என்ர சப்பாத்தை ஆர் எடுத்தது?"

அரங்கமே கதவடியைத் திரும்பிப் பார்த்தது.

"இப்ப ரெண்டு பேரும் சும்மா நிக்கினம்" என்று அதையும் மொழிபெயர்த்தார் பீற்றர்.

கிரேத்தா அம்மையார் தம் பையின் வாரைத் திருகினார். பிறகு ஒரேயொரு சொல் சொன்னார். ஒல்லாந்தர் பாதி முழுவதும் வெடித்துச் சிரித்தது. பீற்றரும் சிரித்து முக்காலியைப் பிடித்துக்கொண்டார். மறுபாதி கூச்சலிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தரிப்பிடம் அறிவிக்கும் குரலில் அவர் அறிவித்தார்:

"கோழிக்கூட்டுக்குள்ள."

மேகலா கேள்விப்பட்ட கோழி இதுதான்.

ஹன்னா அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேசினார், தமக்கையார் பேசினார். பீற்றர் இம்முறை தரிப்பிடக் குரலை விட்டுவிட்டு, கவனமாக, ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"தங்கச்சி சொல்லுறா: போகாதை எண்டு வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. அக்கா கேக்கிறா: சொன்னால் நிண்டிருப்பியோ? தங்கச்சி சொல்லுறா: இல்லை." பீற்றர் மூக்கை உறிஞ்சினார். "அக்கா சொல்லுறா: அதாலைதான் சப்பாத்து."

இனி என்ன செய்வதென்று எவருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை; இடைவேளை விடத்தான் எனக்குத் தெரியும். அவ்வேளையில் பின்கதவு திறந்தது. கோயிலுக்குக் கட்டிய சேலையோடு, பெரிய அலுமினியத் தட்டை இரு கைகளிலும் ஏந்தியவாறு பரமேஸ்வரி நடுப்பாதையால் நடந்து வந்தாள். நேரே கதவடிக்குப் போனாள்.

"இந்தாங்கோ அக்கா, ரோல்ஸ். முதல்ல சாப்பிடுங்கோ. சாப்பிட்டிட்டுச் சண்டை பிடியுங்கோ."

முழுதும் தமிழிலேயே சொன்னாள். பீற்றர் மைக்கை உயர்த்தி, பின்னர் தாழ்த்தினார். மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை, கிரேத்தா அம்மையார் ஒன்றை எடுத்து ஒரே கடியில் பாதியைக் கடித்தார். எங்கள் ரோல்ஸின் உறைப்பை எவரும் அவருக்கு எச்சரித்திருக்கவில்லை. முகம் சிவந்து இருமத் தொடங்கினார். ஹன்னா அம்மையார் ஓடினார். ஆம், ஓடினார், நான் என் கண்ணால் கண்டேன். ஓடிவந்து தமக்கையாரின் முதுகில் தட்டினார், இருமலுக்குத் தேவையானதைவிடப் பலமாக, தேவையானதைவிட நெடுநேரம். தட்டத் தட்ட இருவரும் சிரிக்கத் தொடங்கி, நிறுத்த முடியாமல் பக்கவாட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டனர்.

தட்டு வரிசை வரிசையாகச் சுற்றியது. ஒல்லாந்தர் உறைப்புக்குத் தண்ணீர் தேடி ஓடினர். எங்கள் வாடிக்கையாளர்கள், பல்லாண்டு ஒரே அரங்கில் ஒருவருக்கொருவர் பின்தலையை மட்டுமே கண்டிருந்தவர்கள், மூத்தவள் செய்தது சரியா பிழையா என்று உரத்து வாதாடினர். அந்த ஓசையைக் கேட்டபோது, கடினமான பிரசவத்துக்கு உதவிய மருத்துவரைப் போல் நான் நெஞ்சு நிமிர்த்தி நின்றேன்.

சாவி மாலையில் காலாவதியாகிவிடும் என்பது திடீரென நினைவுக்கு வரவே, விளக்குகளை மின்னவிட்டு எல்லோரையும் அமர்த்தினேன். சனம் கேட்டபடி, சப்பாத்துக் காட்சிக்குச் சற்று முன்னிருந்து மீண்டும் ஓட்டினேன். "ஏன் எறிஞ்சனி?" என்று ஹன்னா அம்மையார் கேட்டார். கிரேத்தா அம்மையாரால் சிரிப்பில் வாய் திறக்க இயலவில்லை. ஆகவே அரங்கம் முழுவதும், இரு பாதியும் ஒன்றாக, "இப்ப போ, பாப்பம்" என்றது.

முடிவில் மூத்தவளே படகை ஓட்டித் தங்கையை மறுகரையில் இறக்கிவிடுகிறாள். அங்கே வசனமே இல்லை. மூன்று மைக்குகளும் சும்மா இருந்தன. மைக்குகளோடு முன்வரிசையில் போய் அமர்ந்துவிட்ட சகோதரிகளின் இரண்டு மூக்குகள் உறிஞ்சும் ஓசை மட்டும், தனித்தனியாகவும் சேர்ந்தும், ஒலிபெருக்கியில் கேட்டது.

நான் கீழே இறங்கியபோது பரமேஸ்வரி வெற்றுத் தட்டோடு நின்றாள்.

"கலியாணம் எங்கையப்பா?"

"இயக்குநர் வெட்டிப்போட்டார்."

"உங்களை ஆர் கதை சொல்லச் சொன்னது? பிறந்தநாளுக்கு இனி என்னத்தைக் குடுக்கிறது?"

அப்போது முன்கூடத்துக்கு ஹன்னா அம்மையார் வந்தார். டக் டக் ஓசை இல்லை. வெறுங்காலுறையோடு வந்து, சோளப்பொரி விற்கும் மேசையருகே நின்றிருந்த தமக்கையாரைப் பார்த்தார்.

"என்ர சப்பாத்தைக் காணேல்லை."

கிரேத்தா அம்மையார் மேற்சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டினார். "அப்பிடியோ."

"கிரேத்தா."

"என்னை உன்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. சொல்லுறன்."

வெளியே மாரிக்கால உருகற்பனி சேறாகக் கிடந்தது. ஹன்னா அம்மையார் கண்ணாடிக் கதவினூடாக அதை எட்டிப் பார்த்தார். பிறகு என் கால்களைப் பார்த்தார். நான் அவசரத்தில் செருப்போடு இறங்கி வந்திருந்தேன்.

"சிவா, கழட்டும்."

கழற்றினேன். காலுறைக்கு மேலாக இறப்பர்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, அது காலைவிட மிகப் பெரிதாகையால் சளக் சளக் என்று, அவர் வெளிக்கதவைக் கடந்தார். தமக்கையார் அவருடைய கையைப் பிடித்திருந்தார். வழுக்காமலிருக்கப் பிடித்தாரா என்பதை என்னால் ஐயமறக் கூற இயலவில்லை. கதவடியில் ஹன்னா அம்மையார் திரும்பி, "இடைவேளையைப் பற்றி நாளைக்குக் கதைப்பம்" என்றார்.

மறுநாள் அவர் வேலைக்கு வரவில்லை. திங்கட்கிழமை விமானமும் கிரேத்தா அம்மையார் இல்லாமலே பறந்தது. தங்கையின் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்த அவர், எவ்வளவு கெஞ்சியும் வாய் திறவாமல், விமான நிலையத்தின் உட்கதவில் நின்றுதான் ஒளித்த இடத்தைச் சொன்னாராம்: சோளப்பொரி இயந்திரத்தின் கீழ் அலமாரியில், உப்புப் பைகளுக்குப் பின்னால். அந்த வாரம் சோளப்பொரி வழக்கத்தைவிட நன்றாயிருக்கிறதென்று பலர் எங்களிடம் சொல்லியிருந்தனர். இன்றுவரை நாங்கள் அவர்களுக்குக் காரணம் கூறவில்லை.